கட்டணமில்லாச் சீட்டும் நில்லா வண்டியும்

தொண்டை நாட்டுப் பூதூரிற் பிறந்து பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். கண்ணொளி இல்லாத அவருக்கு முதுகில் எழுத்தை வரைந்து காட்டித் தமிழ் கற்பித்தனர் என்பர். சேயூர் முருகன்மேற் பிள்ளைத்தமிழும் சந்திரவாணன் கோவையும் பாடிய அப்புலவர், கடல் கடந்து ஈழம் புகுந்து, பரராசசேகரன் அவையிற் பரிசில் பெற்று மீண்டார் எனப் புலவர் வரலாறுகள் கூறும். இதனை வகுப்பிற் கேட்ட நாள்தொட்டு என் நெஞ்சில் ஒரு வினா கிடந்து உறுத்துகின்றது. களத்தூரிலிருந்து யாழ்ப்பாணம் வரை கண்ணில்லாத ஒருவர் சென்று மீண்ட நாட்டில், அதே செங்கழுநீர்ப்பட்டுச் சீமையைச் சார்ந்திருந்த எங்கள் வல்லம் வடகாலிலிருந்து அண்டையூராகிய திருப்பெரும்புதூர்க்குக் கண்ணில்லாத ஒருவர் தனியே சென்று மீளல் ஏன் இத்துணை அரிதாயிற்று?

எங்கள் ஊரை அறியாதார்க்குச் சிறிது கூறுவேன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலைப் பக்கத்தது அது. என் பாட்டனார் நாளில் ஏரிப்பாய்ச்சலால் அறியப்பட்ட ஊர், இந்நாளில் சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படுகின்றது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2017 ஆம் ஆண்டு இங்கே தொழில் தொடங்கிற்று. 2024 ஆகஸ்டு 17 இல், 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய மாபெரும் விடுதியொன்றை முதலமைச்சர் இங்கே திறந்து வைத்தார். ஆட்பெயர்ச்சி வேளைகளில் எங்கள் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அளவில்லை. வண்டிக்கு அளவில்லாத அச்சாலையிலேதான் யான் சொல்லப்புகும் குறையும் உள்ளது.

எங்கள் தெருவில் அண்ணன் ஒருவர் உளர். இளமையிற் பார்வை இழந்தவர். பூவிருந்தவல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியிற் பயின்றவர். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்திற் பணி செய்பவர். பெயரைக் குறிப்பிட வேண்டா என்றார், ஆதலின் குறித்திலேன். சென்ற விடுமுறையில் ஒருநாட் காலை அவரோடு நிறுத்தத்தில் நின்றேன். இரைச்சலொன்று அணுகும்போதெல்லாம் அவர், “தம்பி, வருவது கம்பெனி வண்டியா, கவர்மெண்டு வண்டியா?” என்று வினவினார். “கம்பெனி வண்டி, அண்ணா” என்றே யான் விடையிறுத்தேன். ஒன்பது வண்டிகள் அவ்வாறு சென்றன. பத்தாவதாக வந்தது அரசுப் பேருந்து. அது முன்னே நின்ற கம்பெனி வண்டியைச் சுற்றிக்கொண்டு, நிறுத்தத்துக்கு அப்பால் முப்பதடி தள்ளி ஒரு நொடி தயங்கி, யாங்கள் கைகோத்து ஓடுமுன் போய்விட்டது. கட்டணமில்லாப் பயண அட்டை அவர் சட்டைப்பையிற் பத்திரமாக இருந்தது.

அரசு கொடுத்ததைச் சிறிதென்று சொல்ல யான் ஒருப்படேன். வீட்டிலிருந்து பணியிடம், கல்விச்சாலை, மருத்துவமனை முதலியவற்றிற்கு 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிச் செல்லப் பார்வையற்றோர்க்கு அட்டை தரப்படுகின்றது. நெடுந்தூரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் நான்கிலொரு பங்கு கட்டணமே செலுத்துவர். 2021 மே 8 முதல் மகளிர்க்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் அளிக்கப்பட்ட இலவசப் பயணம், சூன் 3 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்க்குத் துணையாக வரும் ஒருவர்க்கும் விரிந்தது. இங்கிலாந்திற் பார்வையற்றோர்க்கும் முதியோர்க்கும் 2008 ஏப்பிரல் முதல் நாடெங்கும் இலவசப் பேருந்துப் பயணம் உண்டு. ஆயினும் வார நாள்களிற் காலை 9.30 மணிக்கு முன் அதனை அளிக்கவேண்டும் என்னும் கடப்பாடு அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆலைச் சங்கு ஆறு மணிக்கு ஊதும் எங்களூரில் அவ்விதி நடப்பின் அட்டையாற் பயன் யாது? நம்மவர் அத்தகைய மணிக்கட்டு விதித்திலர். இதிற் சென்னை லண்டனுக்கு வழிகாட்டியென்றே கூறலாம்.

“இலவசம் என்பது இரப்பின் மறுபெயரன்றோ? உழைத்துப் பொருளீட்டும் பார்வையற்றவர் ஏன் கட்டணம் செலுத்தலாகாது?” என்று எம் விடுதியில் நண்பர் ஒருவர் வாதிட்டார். வாதம் வலிமையற்றதன்று, பார்வையற்றோருள்ளும் அவ்வாறு கருதுவார் சிலர் உளர். யான் அதனை அண்ணனிடமே கேட்டேன். அவர் நகைத்து, “உன் நண்பருக்கு மோட்டார் சைக்கிள் உண்டா?” என்றார். உண்டு என்றேன். “அவருக்குப் பஸ் தவறினால் வண்டி உண்டு, எனக்குப் பஸ் தவறினால் ஷேர் ஆட்டோ, அது தவறினால் பிறர் தோள். ஓட்டுநர் உரிமம் எனக்கு எந்நாளும் கிட்டாது. எனக்குள்ள வழி ஒன்றே, அதற்கு நான் கொடுக்கும் விலையோ பலருக்கும் மேல்” என்றார். மோட்டார் சைக்கிள் செய்யும் ஊரில் இருந்துகொண்டு இதனை யான் எண்ணாதிருந்தமை எனக்கே நாணத்தைத் தந்தது. நண்பரும் இப்போது அவ்வாதத்தைத் தொடர்வதில்லை.

நிற்க. அட்டையைப் பற்றியே ஒரு குறை உண்டு. அது நிதியாண்டோடு காலாவதியாகின்றது. ஒவ்வோராண்டும் படமும் சான்றும் விண்ணப்பமும் கொண்டு புதுப்பித்தல் வேண்டும். புது அட்டை வழங்கத் தாழ்க்கும் ஆண்டுகளில், பழையதே சில திங்கள் செல்லும் என அறிவிப்பு வருதலும் உண்டு. அவ்வறிவிப்பு எல்லா நடத்துநர் செவிக்கும் எட்டுவதில்லை. பார்வையின்மை நிலையானது என்று மருத்துவர் சான்றளித்து, நடுவணரசு தனித்துவ அடையாள அட்டையும் கொடுத்துள்ள ஒருவர்க்குப் பங்குனிதோறும் கண் தெரியத் தொடங்கிற்றா என்று ஆராய்வது எற்றுக்கு? முகவரியும் பணியிடமும் மாறக்கூடும் என்பர். மாறியவர் தெரிவித்தால் அமையும். மாறாதவரையும் அலைத்தல் வேண்டா. நிலையான குறையுடையார்க்கு நிலையான அட்டை தருதல் அரசுக்குச் செலவன்று, சிக்கனமே.

இனி, வண்டியை அறிதல். கட்டணமில்லாப் பேருந்துகளை எளிதில் இனங்காண வேண்டி, 2022 இற் சென்னை மாநகரப் பேருந்துகள் பலவற்றின் முகப்புக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர். நல்லதே. ஆயின் அவ்வண்ணம் யாருக்காக ஓடுகின்றதோ அவருள் ஒரு சாரார்க்கு வண்ணமே தெரியாது என்பது பூசியவர் நினைவில் இருந்ததில்லை போலும். 2023 இல் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியிற் கூறும் கருவியைச் சென்னைப் பேருந்துகள் சிலவற்றிற் பொருத்தத் தொடங்கினர். அது உள்ளே அமர்ந்தார்க்கு உதவும். கீழே நிற்பார்க்கு உதவாது. கீழே நிற்பார் பொறியை அழுத்தினால் வண்டி தன் வழித்தடத்தை வாய்விட்டுச் சொல்லும் கருவியொன்றை டெல்லி ஐ.ஐ.டி.யினர் ஆக்கி, டெல்லியிலும் மும்பையிலும் ஓட்டிப் பார்த்துள்ளனர். அது எங்கள் சாலைக்கு வரும் நாள் வருக. அதுகாறும் யான் வேண்டுவது காசில்லாக் கருவி: நடத்துநரின் குரல்.

தனியார் பேருந்தில் ஏறியவர் அறிவர், படியில் தொங்கும் பையன் “காஞ்சிபுரம், காஞ்சிபுரம்!” என்று ஊரதிரக் கூவுவான். பார்வையற்றவருக்கு அக்கூச்சல் விளக்கொளி போன்றது. பையன் கூவுவது காசுக்காக. அவனைக் குறை கூறேன். அரசுப் பேருந்தில் அக்குரல் ஏன் எழுவதில்லை? கட்டணமில்லாதவரை ஏற்றுவதால் வருவாய் இல்லை என்னும் எண்ணம் சிலர் உள்ளத்தில் உண்டென்று மகளிரும் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டுள்ளேன். இவ்வெண்ணம் பிழை. கட்டணமில்லாப் பயணிக்கும் சீட்டுக் கிழித்துத் தரப்படுகின்றது. அதற்குரிய தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கின்றது. காசு அவர் கையினின்று வாராது கருவூலத்தினின்று வருகின்றது; அவ்வளவே வேறுபாடு. இதனை நடத்துநர் பயிற்சியில் ஒரு மணி நேரம் விளங்கச் சொன்னால், முப்பதடி தள்ளி நிறுத்தும் வழக்கம் பாதியேனும் குறையும் என நம்புகின்றேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டது. அதன் 41 ஆம் பிரிவு போக்குவரத்தை அவர்க்கு எட்டச் செய்யும் கடமையை அரசின்மேல் வைக்கின்றது. எட்டுதல் என்பது முதற்கண் நிற்றலும் அழைத்தலும் அல்லவோ?

காலி இருக்கைகளோடு செல்லும் கம்பெனி வண்டிகள் பார்வையற்றவரை ஏற்றிச் சென்றால் என்ன என்று யான் முதலில் எண்ணி, அதனையே இக்கட்டுரையின் முடிபாகவும் வைத்திருந்தேன். பின்னர் அறிந்தேன்: ஒப்பந்த வண்டி வழியில் நிற்பாரை ஏற்றி இறக்குதல் அதன் உரிமத்துக்கு மாறானது, விபத்து நேரின் பொறுப்பார் இலர். ஆதலின் அதனை விட்டேன். ஆலைகள் செய்யக்கூடியது வேறுண்டு. ஆட்பெயர்ச்சி வேளைகளிலேனும் தம் வண்டிகள் பொது நிறுத்தத்தை அடைத்து நில்லாதபடி தனியிடம் வகுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டா, செலவும் வேண்டா. தொழிலாளருள் நூற்றுக்கு ஐவரேனும் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் நிறுவனங்களை ஊக்குவிக்க அச்சட்டத்தின் 35 ஆம் பிரிவு கூறுகின்றது. வேலை கொடுக்க மனமுள்ள ஆலை, வேலைக்கு வரும் வழியையும் சிறிது நோக்குதல் தகும்.

திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில் 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கியபோது, அவர்க்கு எழுத்தறிவு கூடுமா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை கிடைத்து நூறாண்டுக்கு மேலாயிற்று. பயின்று, பணியும் பெற்ற பின், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடைப்பட்ட சாலைதான் எஞ்சி நிற்கின்றது. நம் கல்லூரிப் பழைய மாணவருள் ஆலைகளில் அதிகாரிகளாகவும், அரசு அலுவலகங்களிலும், போக்குவரத்துக் கழகத்திலும் இருப்பார் பலர். அவர்கள் இவ்விதழைப் புரட்டுவர் என்னும் துணிவினாலேயே இதனை எழுதினேன்.

அச்சுக்கு அனுப்புமுன் அண்ணனுக்கு இதனைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர் ஒரு திருத்தமே சொன்னார். அன்று சென்ற கம்பெனி வண்டிகள் ஏழு என யான் எழுதியிருந்தேன். “ஒன்பது, தம்பி. நீ பேசிக்கொண்டிருந்தாய், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்” என்றார். திருத்திவிட்டேன்.