‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதுமா

புத்தொளிப் பயிற்சிக்கான சுற்றறிக்கை வந்ததும் ஆசிரியர் அறையில் எழும் பேச்சு எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான். “இருபது வருஷமா கிளாஸ் எடுக்கிறேன், எனக்கு யார் வந்து சொல்லிக்கொடுக்கணும்?” என்பார் ஒருவர். ப்ரமோஷனுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டுமா என்று விசாரிப்பார் அடுத்தவர். வாத்தியார் வேலை ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். இயற்பியல் ஆசிரியனான நானும் பல வருடம் இதற்குத் தலையாட்டியிருக்கிறேன். கல்லூரி ஆசிரியருக்குக் கற்பித்தலில் உதவி தேவையில்லை என்ற எண்ணத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பவை ஐந்து வாதங்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

1. “பாடத்தில் புலமை இருந்தால் போதும்”

நம் நியமன முறையே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும். அதே மாணவர் சில மாதம் கழித்துக் கல்லூரியில் வந்து உட்கார்ந்தால், அவருக்குப் பாடம் நடத்த முதுகலையோடு நெட், செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் பற்றிச் சில கொள்குறி வினாக்கள் உண்டு. அவற்றுக்கு விடை குறித்தால் சரி, ஒரு வகுப்பைக்கூட நடத்திக் காட்ட வேண்டியதில்லை.

புலமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சியாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்ற கணக்குதான் உதைக்கிறது. ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 58 ஆய்வுகளைத் திரட்டி 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கும் கற்பித்தல் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.06. ஏறக்குறைய பூஜ்யம். ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க வழியில்லை.

2. “அனுபவம் கற்றுத்தரும், அது பிறவியிலேயே வர வேண்டும்”

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்றாலும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒருசேரச் சோதித்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு. அதை நடத்தியவர்களில் ஒருவர், 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன். ஒரே பாடம், இரண்டு பெரிய வகுப்புகள். ஒன்றில் பல்லாண்டு அனுபவமும் மாணவர் மத்தியில் நல்ல பெயரும் கொண்ட பேராசிரியர் விரிவுரை நடத்தினார். மற்றதில் கற்பித்தல் முறையில் பயிற்சி பெற்ற, ஆனால் அனுபவம் குறைந்த இளைஞர், கேள்வி கேட்டு மாணவர்களை விவாதிக்க வைத்தார். ஒரு வாரம் இப்படி நடந்த பிறகு வைத்த தேர்வில் மூத்தவரின் வகுப்பு எடுத்த சராசரி 41 சதவீதம். இளைஞரின் வகுப்பு 74.

ஒரு வாரச் சோதனைதானே என்று ஒதுக்கலாம். 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தது. வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 21.8. கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு முறை இவ்வளவு வித்தியாசத்தைத் தருமென்றால், பிறவிக் குணத்துக்கு இதில் என்ன வேலை?

3. “என் மாணவர்களையே கேட்டுப் பாருங்கள்”

கேட்கலாம். பாராட்டுவார்கள். ஹார்வர்டின் எரிக் மசூரையும் மாணவர்கள் பாராட்டினார்கள். ஒருநாள் அவர் அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தார். சூத்திரம் போட்டுக் கணக்கைத் தீர்த்தவர்களில் பலர் அதில் தடுமாறினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம்.

மசூரின் கதையைப் படித்துவிட்டு, எப்படியும் என் மாணவர்கள் தேறிவிடுவார்கள் என்ற தெம்பில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். முந்தின வாரம்தான் நியூட்டனின் மூன்றாம் விதியை முடித்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “புரிஞ்சுது சார்” என்ற கோரஸையும் வாங்கியிருந்தேன். லாரியும் காரும் நேருக்கு நேர் மோதினால் எதன் மீது விசை அதிகம்? கார் மீது என்றால் ஒரு விரல், லாரி மீது என்றால் இரண்டு, சமம் என்றால் மூன்று. விரலை நெஞ்சுக்கு நேராக வையுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாம் என்றேன். வகுப்பு முழுக்க ஒற்றை விரல்களாகத் தெரிந்தன.

மாணவரின் திருப்தியும் கற்றலும் வேறு வேறு. ஹார்வர்டில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு இதை நேராகவே காட்டியது. விவாதித்துப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் சொற்பொழிவைக் கேட்டவர்களுக்கோ எல்லாம் தெரிந்துவிட்ட உணர்வு.

4. “பயிற்சி என்பது வெறும் சடங்கு”

இதில் பாதி உண்மை, மறைக்கப்போவதில்லை. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. 2015-ல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். பலகை இரண்டு முறை மாறியது. இன்றும் பலர் அங்கே போவது பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பத்தான். ஒரு பயிற்சியில் நான் உட்கார்ந்திருந்தபோது, விரிவுரையின் குறைகள் பற்றி இரண்டு மணி நேரம் விரிவுரை கேட்டேன்.

ஆனால் இது, உதவியே வேண்டாம் என்பதற்கான வாதமல்ல. உதவி வர வேண்டிய இடம் கருத்தரங்கக் கூடமல்ல, வகுப்பறை என்பதற்கான வாதம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-லேயே கற்பித்தலுக்கென ஒரு மையம் திறந்தது. ஆசிரியர் கேட்டுக்கொண்டால், பருவத்தின் நடுவில் மையத்திலிருந்து ஒருவர் வகுப்புக்கு வருவார். ஆசிரியர் வெளியே போன பிறகு மாணவர்களிடம் எது உதவுகிறது, எதை மாற்றலாம் என்று கேட்பார். பிறகு ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். அந்தப் பேச்சு துறைத் தலைவர் காதுக்குப் போகாது, பதவி உயர்வுக் கோப்புக்கும் போகாது. மதிப்பீடு வேறு, உதவி வேறு என்று பிரித்து வைத்ததால்தான் ஆசிரியர்கள் நம்பிக் கதவைத் திறக்கிறார்கள்.

5. “அதற்கெல்லாம் நமக்கு நேரமும் பணமும் எங்கே?”

அறுபது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய ஐந்து யூனிட், இடையில் தேர்வுப் பணி. உண்மைதான். கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் மோசம். பயிற்சியெல்லாம் நிரந்தர ஆசிரியரின் பதவி உயர்வோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால், ஏராளமான வகுப்புகளைச் சுமக்கும் இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அரசு சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் ஆரம்பிக்கப் பணம் வேண்டாம். அன்று அந்த ஒற்றை விரல்களைப் பார்த்த பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள் என்று மூன்று நிமிடம் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி தோழியிடம், “கார்தானே நசுங்குது?” என்றாள். “நசுங்குறதால விசை அதிகம்னு இல்லடி. ரெண்டுக்கும் அதே அடிதான், கார் லேசு, தாங்கல” என்றாள் மற்றவள். மறுபடி கேட்டபோது மூன்று விரல்கள் பாதிக்கு மேல் எழுந்தன. என் நாற்பது நிமிட விளக்கம் செய்யாததை அந்த ஒரு ‘லேசு’ செய்தது.

பதினெட்டு ஆண்டில் அந்தக் கடைசி பெஞ்சில், எனக்கு உதவவென்று வந்து உட்கார்ந்த ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. வந்தவர்கள் ஆய்வுக் குழுவினர் மட்டும்தான். அடுத்த பருவம் பக்கத்து அறையில் கணிதம் எடுக்கும் மேடத்தை அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு அவர் வகுப்பில் நான் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை.