ராஜா பெயரில் எழுதிய பற்று

2024 ஜூன் மாதம் என் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போய் இருபத்தைந்து நாள் தங்கி வந்தேன். "அண்ணாச்சி, நம்ம இதழுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று நம் செயலாளர் அன்றிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பயணக் கட்டுரை எழுத எனக்கு வராது. பத்தாவது முடித்த வருடமே பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன். அங்கே பார்த்ததில் ஒன்றே ஒன்றைப் பற்றி, அதுவும் வியாபாரியின் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் நொய்ஷ்வான்ஸ்டைன் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது. ஆனால் படத்தைக் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்டு மலைமேல் வெள்ளைச் சுவர், ஊசி ஊசியாகக் கோபுரங்கள், பின்னால் ஆல்ப்ஸ் மலை. அமெரிக்காவில் 1955-ல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அங்கே கட்டிய தேவதைக் கதைக் கோட்டைக்கு இதையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். என் பேத்தியின் பென்சில் டப்பாவிலும் இதே போன்ற படம்தான்.

மியூனிக் நகரிலிருந்து ஃபூஸன் என்ற ஊர்வரை ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் மலை அடிவாரத்துக்குப் பத்து நிமிஷம். மாப்பிள்ளை மூன்று வாரம் முன்பே கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்துவிட்டார். தலைக்கு ஏறக்குறைய இருபது யூரோ. நம் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார். "மாமா, இங்கே பெருக்கவே கூடாது. பெருக்கினால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது" என்றார். டிக்கெட்டில் நேரம் நிமிஷக் கணக்காக அச்சடித்திருக்கிறது. அந்த நிமிஷத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். எங்கள் கண் முன்னால் ஒரு குடும்பம் கால் மணி நேரம் தாமதமாக ஓடி வந்தது. வாசலில் நின்ற பெண் சிரித்த முகம் மாறாமல் முடியாது என்று சொல்லிவிட்டாள். கோபமும் இல்லை, சலுகையும் இல்லை.

மேலே ஏற முக்கால் மணி நேர நடை. குதிரை வண்டியும் உண்டு. முட்டிக்காக நான் வண்டியில் ஏறினேன். அதுவும் கோட்டை வாசல்வரை போகாது. கடைசிக் கொஞ்ச தூரம் எல்லோரும் நடந்தே ஆக வேண்டும்.

இதைக் கட்டியவர் இரண்டாம் லுட்விக் என்ற பவேரிய ராஜா. 1864-ல் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தவர். இரண்டே வருடத்தில் பிரஷ்யாவோடு நடந்த போரில் இவர் சேர்ந்திருந்த பக்கம் தோற்றது. பெயருக்கு ராஜா, அதிகாரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாக்னர் என்ற இசை மேதையின் நாடகங்கள்மீது பைத்தியம். அந்தக் கதைகளில் வருகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று 1869 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். கோட்டை என்று நாம் சொல்கிறோமே தவிர, போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரயில் ஓட ஆரம்பித்துப் பல வருடம் ஆன பிறகு கட்டிய வீடு இது. முதல் படத்தை வரைந்தவர் நாடக மேடைக்குச் சீன் எழுதுகிறவர். உள்ளே செங்கல் கட்டடம். வெளியே வெள்ளைக் கல் ஒட்டியிருக்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் முடியும் என்றார்கள். பதினேழு வருடம் ஆகியும் முடியவில்லை. முதலில் போட்ட மதிப்பு 32 லட்சம் மார்க். ராஜா இறந்தபோது ஆகியிருந்த செலவு 62 லட்சம் மார்க். 1879, 1880-ல் மட்டும் மலைமேல் ஏறிய சரக்கு 465 டன் சலவைக்கல், 1,550 டன் மணற்கல், நாலு லட்சம் செங்கல். இதைப் படித்தவுடன் எனக்கு ராஜா நினைவுக்கு வரவில்லை. இத்தனையும் சப்ளை செய்தவர்களின் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அடிவாரத்தில் பில்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நின்றிருப்பார்கள்?

இது மட்டும் இல்லை. இது முடியுமுன்பே லிண்டர்ஹோஃப் என்று இன்னொரு மாளிகை. அதுவும் நடந்துகொண்டிருக்கும்போதே, 1878-ல், பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்து ஹெரன்கிம்சே என்ற தீவில் மூன்றாவது. மற்ற இரண்டுக்கும் ஆன மொத்தச் செலவைவிட இந்த மூன்றாவதுக்கு அதிகம். அதில் அவர் தங்கியது பத்து நாள் அளவுக்குத்தான். நாலாவதாக ஒன்றுக்கும் படம் வரைந்தாகிவிட்டது. முதல் கடை நிலைக்குமுன் இரண்டாவது கடை, இரண்டாவதின் கல்லா சூடாகுமுன் மூன்றாவது கடை என்று போனவர்களை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வரிப்பணத்தை அள்ளிக் கட்டினார் என்ற பேச்சு சரியில்லை. தன் சொந்த வருமானத்திலும் கடனிலும்தான் பெரும்பாலும் கட்டினார். பிஸ்மார்க்கிடமிருந்து ரகசியமாகவும் பணம் வந்தது. வேலை செய்த கொத்தனார், தச்சருக்காக 1870-லேயே ஒரு சங்கம் இருந்தது. மாதம் கொஞ்சம் தொழிலாளி கட்டுவார், மேலே ராஜா போடுவார். நோய்வாய்ப்பட்டாலும் அடிபட்டாலும் பணம் கிடைக்கும். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கும் சிறு உதவித்தொகை உண்டு. நம்மில் எத்தனை பேர் சுமை தூக்குகிறவர்களுக்கு இதைச் செய்திருக்கிறோம்? அந்தப் பக்கத்து ஜனங்கள் அவர்மேல் பிரியமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் கடன் கடன்தான். 1886 வாக்கில் ஒரு கோடியே நாற்பது லட்சம் மார்க் கடன். அதற்கு முந்தைய வருடமே வெளிநாட்டு வங்கிகள் ஜப்தி என்று மிரட்ட ஆரம்பித்துவிட்டன. இவரோ மேலும் கடன் வாங்கித் தரச் சொல்லி மந்திரிகளை நெருக்கினார். அவர்கள் வைத்தியர்களிடம் சான்று வாங்கி, புத்தி சரியில்லை என்று சொல்லி 1886 ஜூனில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஜூன் 13-ம் தேதி சாயந்திரம் ஓர் ஏரிக்கரையில் உலாவப் போன ராஜாவும் அவரைக் கவனித்த வைத்தியரும் தண்ணீரில் பிணமாகக் கிடந்தார்கள். நாற்பது வயது. எப்படி நடந்தது என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

உள்ளே சுற்றிக்காட்ட அரை மணி நேரம்தான். படம் எடுக்கக் கூடாது. நூற்றைம்பது படிக்கு மேல் ஏற வேண்டும். படுக்கை அறையில் உள்ள மர வேலைக்கு மட்டும் பதினாலு சிற்பிகள் நாலு வருடத்துக்கு மேல் உழைத்தார்களாம். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் செயற்கையாக ஒரு குகை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. சமையற்கட்டைத்தான் நான் ஆசையாகப் பார்த்தேன். குழாயில் வெந்நீர், தண்ணீர் இரண்டும் அந்தக் காலத்திலேயே வந்திருக்கிறது. அடுப்பிலிருந்து மேலே போகிற சூட்டுக் காற்றாலேயே இறைச்சி சுடும் கம்பி தானாகச் சுழலும். தீ கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். இத்தனை வசதியும் ஒரு தனி மனிதருக்கு. அவர் இந்த வீட்டில் மொத்தமாகத் தங்கியது 172 நாள்.

சிம்மாசன மண்டபத்துக்குப் போனோம். தங்கப் பூச்சு, நீலத் தூண்கள், தொண்ணூற்றாறு மெழுகுவர்த்தி ஏற்றுகிற விளக்கு, தரையெல்லாம் சிறு சிறு கல் பதித்து மிருகமும் செடியும். மேடை இருக்கிறது, படி இருக்கிறது, சிம்மாசனம் மட்டும் இல்லை. அது வருமுன்பே ராஜா போய்விட்டார். எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார்கள். நான் அந்தக் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு 1996-ல் ஓர் ஊரில் திறந்த மளிகைக் கடை ஞாபகம் வந்தது. ஊரும் பேரும் வேண்டாம். மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம். அந்த வட்டாரத்திலேயே அப்போது அப்படி ஒரு கடை கிடையாது. திறப்பு விழாவுக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. துவரம்பருப்பும் உளுந்தும் லோடு லோடாக அனுப்பினேன். எங்கள் கணக்கப்பிள்ளை பெரியவர், அப்பா காலத்து மனிதர். "சின்ன முதலாளி, பழைய பாக்கியே அப்படியே நிக்குது. இந்த லோடை ஏத்த வேண்டாம்" என்றார். "கடையைப் போய்ப் பார்த்துட்டுப் பேசுங்க" என்று நாலு பேர் முன்னால் அவரைச் சத்தம் போட்டேன். ஒன்றரை வருடத்தில் அந்தக் கடை மூடியது. என் பாக்கி நாலு லட்சத்து அறுபதாயிரம். என்னைப் போல இன்னும் பதினோரு பேர். கண்ணாடி அலமாரியெல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனது. இத்தனை வருடமும் அந்த மனிதரை நான் திட்டாத நாள் குறைவு.

லுட்விக் ராஜாவைத் திட்டுகிறவர்களும் அப்படித்தான் திட்டுகிறார்கள். ஊதாரி, கிறுக்கன். சரி, அவருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் கொடுத்தவர்கள் யார்? வங்கிக்காரர்கள் கணக்குத் தெரியாதவர்களா? அறுபத்திரண்டு லட்சத்தில் வந்து நின்ற கட்டடத்தை முப்பத்திரண்டு லட்சம் என்று நம்பினார்களே, இரண்டாவது அரண்மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதாவது பழைய பாக்கியைக் கேட்டிருக்க வேண்டாமா? ராஜா பெயரில் பற்று எழுதும்போது யாருக்கும் பேனா தயங்குவதில்லை. நான் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் பருப்பு அனுப்பினேன்; அவர்கள் கோபுரத்தைப் பார்த்து அனுப்பினார்கள். வாங்கினவன் குற்றம் ஒரு பாதி என்றால் கொடுத்தவன் குற்றம் மறுபாதி என்பது என் அபிப்பிராயம். நம் சங்கக் கூட்டங்களில் முதல் பாதியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்.

கீழே இறங்கும்போது மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, அவர் உங்களை மாதிரிக் கணக்குப் பார்த்திருந்தால் இந்த மலையில் மரம்தான் நின்றிருக்கும். வருஷத்துக்குப் பதினாலு லட்சம் பேர் வருகிறார்கள். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கே ஆறாயிரம் பேர். இந்த வட்டாரமே இதனால் பிழைக்கிறது" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஹோட்டல், குதிரை வண்டி, பஸ், தின்பண்டக் கடை எல்லாம் அந்தக் கடனில் முளைத்தவைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோவும் ராஜாவின் மாளிகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அவளுக்குச் சரியான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் முழுசாக இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டினவர் சம்பாதிக்கவில்லை. அந்நியர் கண் படாமல் ஒளிந்து வாழ்வதற்காக அவர் கட்டிய வீட்டை, அவர் செத்து ஏழே வாரத்தில், 1886 ஆகஸ்ட் முதல் தேதி, இரண்டு மார்க் டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள். இரக்கமில்லாத காரியம்தான். ஆனால் அந்த டிக்கெட் வருமானத்தைக் கொண்டு 1899-க்குள் கடனைத் தீர்த்தார்கள். அது கெட்டிக்காரத்தனம். பதின்மூன்று வருடம் பொறுத்திருக்க ஒரு வங்கியால் முடியும், நம்மில் எத்தனை பேரால் முடியும்? பதினோரு பேரில் இரண்டு பேர் 1998-க்குள் தொழிலை விட்டே போனார்கள். எங்கள் கடனாளி விட்டுப்போனதில் டிக்கெட் போட்டுக் காட்ட ஒன்றும் இல்லை.

ராஜா முடிக்காமல் விட்ட இரண்டாம் மாடி அறைகளில்தான் இன்று காபிக் கடையும் பொருள் விற்கும் கடையும் இருக்கின்றன. சுற்றி முடித்து வெளியே வருகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் வில்லை, தட்டு, பொம்மை, ராஜா முகம் போட்ட பை. வரிசை நகரவில்லை. சரக்கு அடுக்கிய விதத்தை நின்று பார்த்தேன். சின்ன விலைப் பொருள் கை எட்டும் உயரத்தில், பெரிய விலை கண்ணுக்கு நேரே. பேத்திக்கு ஒரு வில்லை வாங்கினேன், ரொக்கம்.

ஊருக்கு வந்ததும் பரணில் இருந்து 1996-ம் வருடப் பேரேட்டைத் தேடி எடுத்தேன். கடைசி லோடுக்கு எதிரே கணக்கப்பிள்ளை பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது.

வரும் பொதுக்குழுவில், புதிதாகப் பெரிய கடை திறக்கிறவர்களுக்கு எந்த அளவுவரை கடன் கொடுக்கலாம், எத்தனை நாள் பாக்கிக்கு மேல் சரக்கை நிறுத்த வேண்டும், ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களுக்கும் தெரிவிப்பதா என்பதைப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். முதலாளிகள் மட்டும் வராமல் கணக்கு எழுதுகிறவர்களையும் கூட்டி வாருங்கள். அவர்களை முதலில் பேசவிடலாம்.