புலனக் குழுவும் பல்கலைக்கழகத் தளமும்

பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் முன்னாள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடக்குறிப்பும் இடுபணியும் கற்றல் தளத்தில் இருக்கும். ஐயமும் விளக்கமும் புலனக் குழுவில் இருக்கும். முன்னதில் ஒழுங்கு உண்டு, உரையாடல் குறைவு. பின்னதில் உரையாடல் உண்டு, ஒழுங்கு குறைவு. நேற்றுக் கிடைத்த நல்ல விளக்கம் இன்று நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. இவ்விரண்டையும் இணைப்பது உயர்கல்வி நிலையங்களின் கடமை என்பது என் கருத்து.

இஃது இயலாத செயலன்று. 2008-ஆம் ஆண்டில் கனடாவின் மனிதோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் இருவரும் இணைப்பியக் கொள்கை பற்றி ஒரு பாடம் நடத்தினர். கட்டணம் செலுத்திப் பயின்றோர் 25 பேர். இணையவழி இலவசமாகச் சேர்ந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். மூடுல் தளத்தில் விவாதம் நடந்தது. பலர் தத்தம் வலைப்பதிவில் எழுதினர், முகநூலிலும் கூடினர். சிதறிக் கிடந்த பதிவுகளைக் கணினி நிரல் ஒன்று திரட்டியது. அவை நாள்தோறும் மின்மடலாக அனைவரையும் அடைந்தன.

அவ்வமைப்பில் எழுதியவரின் எழுத்து அவரிடமே இருந்தது. இதுவே நாம் கவனிக்க வேண்டியது. தமிழார்வலர் பலர் கூடி விவாதித்த யாகூ குழுமங்கள் 2020-இல் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பெரிதும் பயன்படுத்திய எட்மோடோ 2022-இல் மூடப்பட்டது. படியெடுத்து வைக்காதோர் தம் உழைப்பை இழந்தனர்.

சமூக ஊடகம் கவனத்தைச் சிதறடிக்கும் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆயினும் மாணவர் ஏற்கெனவே அங்குதான் இருக்கின்றனர். விரிவுரையாளர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தால் போதும். குழுவில் நடந்த விவாதத்தின் சாரத்தை வாரந்தோறும் ஒரு மாணவர் தொகுத்துக் கற்றல் தளத்தில் இட வேண்டும். சொந்தக் கணக்கையோ தொலைபேசி எண்ணையோ வெளிப்படுத்த விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. மதிப்பெண்ணையும் அதனோடு பிணைக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் தம் படைப்பின் படியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

தெளிவாக வினவுதல், பணிவோடு மறுத்தல், எழுதியதைப் பேணுதல் ஆகிய பழக்கங்கள் பல்கலைக்கழக வாயிலில் திடீரென முளைப்பவை அல்ல. அவற்றுக்கான விதையைத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் வீட்டிலும் நாம்தான் ஊன்ற வேண்டும். ஆசிரியர்களே, பெற்றோர்களே, சிந்திப்போம், இன்றே தொடங்குவோம்.