பூவைக் காட்டிக் காசு வாங்குறீங்க, வரப்பைக் காத்தவனுக்கு என்ன?

காட்டுப்பூவைப் பார்க்கக் காசு கட்டிப் போறதை நான் குறை சொல்லலை. ஊரே மாலுக்கும் சினிமாவுக்கும் போகும்போது ஒருத்தர் செடியைப் பார்க்கப் போறாருன்னா அவரு நல்ல மனுஷன்தான். நான் குறை சொல்றது அவரைக் கூட்டிக்கிட்டுப் போறவங்க சொல்ற ஒரு பொய்யை.

போன வாரம் கோரிப்பாளையத்துல பஸ் மாற நிக்கும்போது அந்தப் பொய்யைப் படிச்சேன். சுவத்துல ஒட்டியிருந்த ஒரு டிராவல்ஸ் நோட்டீஸ். கொடைக்கானல், மூணாறு, மூணு நாள் மலர்ச் சுற்றுலா. ரூம், சாப்பாடு, வேன், விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டி. கீழே கொட்டை எழுத்துல, "மனிதக் கை படாத மலர்கள்!"

முப்பது வருஷமா வரப்புல நடக்குறவன் சொல்றேன் மக்களே. மனுஷன் வாடையே இல்லாத இடத்துல நிக்கிற பூ ரொம்பக் கம்மி. மனுஷன் அழிக்காம விட்டு வச்ச பூதான் நிறைய. விட்டு வைக்கிறதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்குக் கூலி கிடையாது, பேரும் கிடையாது. நோட்டீஸ்ல அந்த ஆளையே இல்லைன்னு அடிச்சுட்டாங்க, அதுதான் எனக்குக் கோவம்.

முதல்ல குறிஞ்சியை எடுத்துக்குவோம். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டமாப் பூக்கும். 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030ல. பூத்து விதை போட்டதும் செடி செத்துப் போகும். நம்ம நெல்லு மாதிரி, வாழ்நாளுக்கு ஒரே வெள்ளாமை. அதனால ஒரு கொத்தை ஒடிச்சா, 12 வருஷத்துக்கு அப்புறம் பூக்க வேண்டிய விதையை ஒடிச்சதா அர்த்தம். போட்டோவுக்காக ஒடிச்சுக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்கு இதை எந்த வழிகாட்டியாவது சொல்லுறாரா?

அந்தப் பூ நிக்கிறது புல் மலையில. புல்லும் சோலைக்காடும் சேர்ந்துதான் மழைத் தண்ணியைக் குடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கசிய விடும். அந்தப் புல்லு மேலதான் வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சு, சுதந்திரத்துக்குப் பிறகும் விடாம, தைல மரமும் சீமைப் பைன் மரமும் வாட்டில் மரமும் நட்டாங்க. மரம் நட்டா நல்லதுதானேன்னு நினைப்பீங்க. புல் மலையில மரத்தை நடுறது, நெல்லு வயல்ல சவுக்கை நடுற மாதிரி. பழனி மலையில பழைய புல்வெளி பெரும்பகுதி இப்படித்தான் போச்சு.

இதுல மதுரைக்காரனுக்கு என்னன்னு கேட்டா, மருதாநதியும் மஞ்சளாறும் பழனி மலையில இறங்கித்தான் வைகையில சேருது. கோரிப்பாளையத்தைத் தாண்டி ஏ.வி. பாலத்துக்குக் கீழே ஓடுற வைகை, சரியாச் சொன்னா ஓடாத வைகை, அந்த மலைப் புல்லுக்கும் சொந்தக்காரிதான். பூ பார்க்கப் போறவரு பூவை மட்டும் பார்த்துட்டு வந்தா பாதி கூடப் பார்க்கலைன்னு அர்த்தம்.

மூணாறு பக்கம் இன்னொரு கதை. வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பகுதியில 2006ல கேரள அரசு குறிஞ்சிமலை சரணாலயம்னு அறிவிச்சுச்சு. நல்ல காரியம். ஆனா அங்கே பூண்டும் கோசும் போடுற தமிழ் பேசுற விவசாயிங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க. பெரிய ஆளுங்க வளைச்சதாப் புகார் உள்ள நிலமும் அதுக்குள்ள இருக்கு. யாரு உழுறவன், யாரு வளைச்சவன்னு பிரிச்சு எல்லையை முடிக்க வேண்டாமா? 12 வருஷம் கழிச்சு 2018ல குறிஞ்சி திரும்பவும் வந்து நின்னுச்சு, எல்லைத் தகராறும் அப்படியே நின்னுச்சு. செடி சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு, சர்க்கார் வரலை.

சரி, கடல் தாண்டியும் பார்ப்போம். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஐரோப்பாவுல வேலையில இருக்கான். பங்குனி மாசம் கிரீட்னு ஒரு தீவுக்கு, இதே மாதிரி வழிகாட்டி வச்சுப் பூ பார்க்கப் போயிட்டு வந்து போட்டோ அனுப்பினான். மத்தியதரைக் கடல்ல கிரீட், சைப்ரஸ், லெஸ்போஸ்னு தீவுக்குத் தீவு இந்தச் சுற்றுலா நடக்குது. ஒரு ஆர்க்கிட் பூ அச்சு அசல் தேனீ மாதிரியே இருந்துச்சு. பொட்டைத் தேனீன்னு நம்பி ஆண் தேனீ வந்து உட்காருமாம், மகரந்தத்தை ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகுமாம். அதுக்குத் தேன் ஒரு சொட்டு கிடையாதாம். நம்ம ஊர் ஏல வியாபாரம் மாதிரி இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டேன்.

அப்புறம் போட்டோவைப் பெருசாக்கி, பூவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்தேன். கல்லு அடுக்கின வரப்பு. கிழட்டு ஆலிவ் மரம். ஆட்டுப் புழுக்கை! அங்கேயும் அதே கதைதான். ஆடு அளவா மேய்ஞ்சா புதர் ஏறாது, புதர் ஏறாட்டி வெயில் படும், வெயில் பட்டா அந்தச் சின்னப் பூ பிழைக்கும். ஆடு அளவுக்கு மீறுனா பூவும் போயிரும். மேய்க்கிறவனுக்கு அந்த அளவு தெரிஞ்சிருக்கணும். தோப்பை ஆழ உழுது மருந்தடிச்சாலும், ரிசார்ட் கட்டினாலும் பூ காலி. ஐரோப்பாவுல வயல் ஓரத்தைப் பூவுக்கும் தேனீக்கும் விட்டு வைக்கிற விவசாயிக்கு அரசாங்கமே மானியம் கொடுக்குற திட்டம் இருக்கு. அங்கேயும் எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்ல வரலை. ஆனா விட்டு வைக்கிறது வேலைன்னு ஒத்துக்கிட்டு ஒரு தொகை கொடுக்குறாங்க.

இங்கே? எங்க பக்கம் ஐப்பசி மழை பேஞ்சதும் வேலியோரம் கண்வலிக்கிழங்கு பூக்கும். செங்காந்தள்னு சொன்னா தெரியும், தமிழ்நாட்டோட மாநிலப் பூ. கம்மாக்கரையில ஆவாரை, வரப்புல தும்பை, விஷ்ணுகிராந்தி, சிறுபூளை. பொங்கலுக்கு முன்னால கோரிப்பாளையத்துலேயும் கட்டுக் கட்டா விக்கிறாங்களே, ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளையும் வேப்பிலையும், அது எந்தத் தோட்டத்துலேயும் பயிர் பண்ணினது இல்லை. ஏதோ ஒரு வரப்புல, ஏதோ ஒரு புறம்போக்குல யாரோ விட்டு வச்சது.

இப்ப அந்த வேலியை ஜேசிபி வழிக்குது. வரப்புல களைக்கொல்லி விழுது. விவசாயிதானே அடிக்கிறான்னு கேப்பீங்க. ஆமா, விவசாயிதான் அடிக்கிறான். வரப்புச் செதுக்க ஆள் கிடைக்கலை, கிடைச்சா கூலி கட்டுப்படியாகலை, மருந்து அதைவிட மலிவு. கீதாரிகள் கிடை போட்ட காலத்துல ஆடு வரப்பை மேய்ஞ்சு, வயலுக்கு எருவும் போட்டுச்சு. இப்ப மேய்ச்சல் இடம் சுருங்கிப் போய்க் கிடையும் குறைஞ்சு போச்சு. தும்பை போனா தேனீ போகும், தேனீ போனா பூசணியும் பீர்க்கும் பிஞ்சு பிடிக்காது. நஷ்டம் கடைசியில எங்க தலையிலதான் விடியும். தெரிஞ்சும் அடிக்கிறோம்னா எங்க நிலைமை அப்படி.

ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. பெரிய ஆபத்து வந்தப்ப மலையைக் காப்பாத்தினது யாரு? மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, 193 ஹெக்டேர். ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பர்ல, அந்தப் பகுதியையும் உள்ளே இழுத்து 2,000 ஹெக்டேருக்கு மேல டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் முடிஞ்சுச்சு. அறிவிப்புப் பலகை வந்து சுரங்கத்தைத் தடுக்கலை. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர் பக்கத்து ஜனங்க ஆயிரக்கணக்குல நடந்து தல்லாகுளம் வரைக்கும் வந்தாங்க. கோரிப்பாளையத்துலேர்ந்து கூப்பிடு தூரம். அதே மாசம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. நடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க விவசாயிங்க, பொம்பளைங்க, ஆடு மாடு வச்சிருக்கிறவங்க. அவங்க பாதுகாத்த பாறையில பூக்குற பூவை நாளைக்கு ஒருத்தர் வேன்ல ஆள் கூட்டியாந்து "மனிதக் கை படாதது"ன்னு காட்டுவாரு. பொறுக்குமா?

சுற்றுலாவால வேலை கிடைக்குதேன்னு சிலர் சொல்றாங்க. கிடைக்குது, டிரைவருக்கும் ரூம் கூட்டுற பிள்ளைக்கும். பூவை வச்சிருக்கிற ஊருக்கு என்ன கிடைக்குது? தண்ணி பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும்தான்.

அதனால நான் கேக்குறது மூணு. ஒண்ணு, பூ காட்டுற வேலையை அந்த மண்ணுல ஆடு மேய்க்கிறவருக்கும், மலையில பளியர், முதுவர் ஜனங்களுக்கும் கொடுங்க. படிச்சு வந்த வழிகாட்டிக்குப் பூவோட பேரு தெரியும், இவங்களுக்கு அது போன வருஷம் ஏன் பூக்கலைன்னும் தெரியும். ரெண்டு, வாங்குற காசுல ஒரு பங்கு அந்த ஊராட்சிக்குப் போகணும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலேயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். பங்கை அந்தக் குழுவுல கட்டச் சொல்லுங்க, காகிதத்துல தூங்குற குழுவும் எந்திரிக்கும். மூணு, களைக்கொல்லி அடிக்காம வரப்பை விட்டு வைக்கிற சின்ன விவசாயிக்கு அரசு ஏக்கருக்கு இவ்வளவுன்னு கொடுக்கட்டும். சொட்டு நீருக்கு மானியம் கொடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா?

2030க்கு இப்பவே புக்கிங் பேசுறவங்க இருப்பீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இந்தப் பூ நிக்கிற நிலத்தை யாரு பார்த்துக்கிட்டாங்க, இந்தக் காசுல அவங்களுக்கு எம்புட்டு? பதில் சொன்னா வேன்ல ஏறுங்க. முழிச்சா இறங்கிருங்க.

இறங்கினவங்க ஐப்பசி கார்த்திகையில எங்க பக்கம் வாங்க. காந்தள் வேலியோரம் நிக்கும். காசு வேண்டாம். பறிக்காதீங்க, கிழங்கைத் தோண்டாதீங்க, வரப்பை மிதிச்சு உடைச்சுராதீங்க. அது போதும்.