அரை அங்குலப் பிடி



அந்தப் பெரியவர் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும், மாற்றுடுப்புகளோடு ஒரு துணியையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார். தாம் செத்தால் உடுத்தி அடக்கம் செய்யவேண்டிய துணி அது. மற்ற உடுப்புகளைப் போல இதுவும் எந்த நேரமும் தேவைப்படலாமே என்பாராம். பல வருஷம் அந்தத் துணி அவரோடு ஊர் சுற்றியது.

பெயர் தாமஸ் கென். இங்கிலாந்தில் பாத் அண்ட் வெல்ஸ் திருமண்டலத்தின் பிஷப்பாக இருந்தவர். ஒரு சத்தியம் செய்ய மறுத்ததற்காகப் பதவி, வீடு, வருமானம் மூன்றையும் இழந்தவர். சில வாரங்களாக இவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் இந்தப் பக்கத்தில் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

1637-ல் பிறந்தவர். சின்ன வயதில் அவரை வளர்த்தது தகப்பனாரின் முதல் தாரத்து மகளான அக்காவும் அவர் கணவர் ஐசக் வால்ட்டனும். தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதினாரே, அதே வால்ட்டன்தான். வின்செஸ்டர் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே பணியாற்றிய கென், அந்தப் பையன்கள் காலையிலும் இரவிலும் நடுராத்திரியிலும் பாட மூன்று பாட்டு எழுதிக்கொடுத்தார். அவற்றின் கடைசிச் சரணம் இன்று உலகமெங்கும் தனித் துதிப்பாடலாகவே பாடப்படுகிறது. நம் ஊர் சர்ச்சுகளில் ஆங்கில ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். எழுதியவர் யார் என்று கேட்டால் அநேகமாகத் தெரிந்திருக்காது.

ஆள் குள்ளம். ஆனால் ராஜாவுக்கே முடியாது என்று சொல்லிப் பழகியவர். 1683-ல் இரண்டாம் சார்லஸ் பரிவாரத்தோடு வின்செஸ்டருக்கு வந்தபோது, ராஜாவின் ஆசைநாயகி, நடிகை நெல் க்வின் தங்குவதற்குக் கென்னின் வீட்டைக் கேட்டார்கள். தரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வருஷமே பாத் அண்ட் வெல்ஸ் பிஷப் பதவி காலியானது. நெல்லிக்கு இடம் தராத அந்தக் குள்ள மனிதருக்கே அதைக் கொடுங்கள் என்று சார்லஸ் சொன்னதாகக் கதை. அந்த ராஜாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் கிடைக்காது, இதை அவர் கணக்கில் வரவு வைக்கலாம்.

பதவிக்கு வந்த சில நாளிலேயே சார்லஸ் இறந்தார். மரணப் படுக்கையருகே இருந்தவர்களில் கென்னும் ஒருவர். அடுத்து வந்த தம்பி இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். 1688-ல், தாம் அறிவித்த மதச் சலுகைப் பிரகடனத்தை எல்லா ஆலயங்களிலும் வாசிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். நாடாளுமன்றத்தின் சட்டங்களை ராஜா தம் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்க முடியாது என்று ஏழு பிஷப்புகள் மனுக் கொடுத்தார்கள். ஏழு பேரையும் லண்டன் டவர் சிறையில் அடைத்தார் ஜேம்ஸ். படகில் கொண்டுபோகும்போது தேம்ஸ் கரையில் ஜனங்கள் முழங்காலிட்டு ஆசி கேட்டார்கள். ஜூன் 30-ம் தேதி விடுதலைத் தீர்ப்பு வந்ததும் ஊரே கொண்டாடியது. அந்த ஏழு பேரில் கென்னும் உண்டு.

அந்த வருஷக் கடைசியில் ஜேம்ஸ் பிரான்ஸுக்கு ஓடினார். மருமகன் வில்லியமும் மகள் மேரியும் சிம்மாசனம் ஏறினார்கள். பாதிரிமார் அத்தனை பேரும் 1689 ஆகஸ்ட் 1-க்குள் புதியவர்களுக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் இடைநீக்கம், மேலும் ஆறு மாதம் கடந்தால் பதவியே போய்விடும் என்று சட்டம் வந்தது. சத்தியத்தின் வாசகத்தைக்கூட இளக்கியிருந்தார்கள். இவர்களே முறைப்படியான ராஜா ராணி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, விசுவாசமாக இருப்பேன் என்றால் போதும்.

கென் செய்யவில்லை. அவரைப் போலச் சுமார் நானூறு பாதிரிமார் செய்யவில்லை. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு கணக்கு. ஜேம்ஸ் சிறையில் போட்ட ஏழு பிஷப்புகளில் ஐந்து பேர், அதே ஜேம்ஸுக்குச் செய்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று நின்றார்கள். ராஜா யோக்கியரா என்று அவர்கள் பார்க்கவில்லை. அவர் யாராக இருந்தால் என்ன, வாக்குக் கொடுத்த வாய் தங்களுடையது.

கென்னை அசையாத பாறை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தடுமாறினார். ஜார்ஜ் ஹூப்பர் என்ற நெருங்கிய நண்பர், தாம் சத்தியம் செய்தவர், லாம்பெத்தில் தம் வீட்டில் தங்கியிருந்த கென்னிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இரவு படுக்கப் போகும்போது கென் இணங்கிவிட்டார் என்றே ஹூப்பருக்குத் தோன்றியது. விடிந்ததும் கென் சொன்னது: இனி என்னை வற்புறுத்தாதீர்கள். அந்த ராத்திரியில் அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று பலமுறை யோசித்தேன்.

சத்தியம் செய்த நண்பரை அவர் துரோகி என்று சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இங்கேதான். நட்பு அப்படியே இருந்தது.

1691-ல் அவர் இடத்துக்கு ரிச்சர்டு கிட்டர் வந்தார். ஞாயிறுதோறும் பன்னிரண்டு ஏழைகளை அழைத்துத் தம்மோடு உட்காரவைத்துச் சாப்பிட்ட அந்த வெல்ஸ் அரண்மனையை விட்டுக் கென் வெளியேறினார். புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்றதில் 700 பவுண்டு தேறியது. பழைய கல்லூரி நண்பர் வேமவுத் பிரபு அதை வாங்கிக்கொண்டு, வருஷம் 80 பவுண்டு தருவதாகச் சொல்லி, லாங்லீட் மாளிகையில் மாடி அறைகளைக் கொடுத்தார். அங்கே லூட் என்னும் நரம்பு வாத்தியத்தை மீட்டித் தம் பாட்டுகளைத் தாமே பாடிக்கொண்டிருந்தார் கென்.

1703 நவம்பர் 26 இரவு. இங்கிலாந்து அதுவரை கண்டிராத புயல். கென் அன்று வில்ட்ஷயரில், வால்ட்டனின் மகனான தம் அக்காள் பிள்ளையின் வீட்டில் தங்கியிருந்தார். விடிந்து பார்த்தால், தலைக்கு மேலே கூரையைத் தாங்கிய உத்தரம் கழன்று அரை அங்குலப் பிடியில் நின்றுகொண்டிருந்தது. அதே இரவில் வெல்ஸ் அரண்மனையில் புகைபோக்கி சரிந்து படுக்கையறைமேல் விழுந்தது. பிஷப் கிட்டரும் அவர் மனைவியும் அந்த இடத்திலேயே இறந்தார்கள்.

இதைத் தெய்வத் தீர்ப்பு என்று சொல்ல அன்றைக்கும் ஆள் இருந்திருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. கிட்டர் என்ன பாவம் செய்தார்?

வில்லியமும் மேரியும் போய், அப்போது ராணி ஆன் ஆண்டுகொண்டிருந்தார். பதவியைத் திரும்பத் தரத் தயாராயிருந்தார்கள். கென் மறுத்து, ஹூப்பரை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். தமக்கு எதிர்ப்பக்கம் நின்ற நண்பருக்கே தம் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அதற்காகச் சொந்தக் கட்சியாரிடமே வசவு வாங்கினார். சத்தியம் மறுத்தவர்கள் தங்களுக்கென்று ரகசியமாகப் புது பிஷப்புகளை ஏற்படுத்தியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிளவு தம் தலைமுறையோடு முடியட்டும் என்றே இருந்தார். ஹூப்பர் சும்மா இருக்கவில்லை. ராணியிடம் பேசி நண்பருக்கு வருஷம் 200 பவுண்டு கிடைக்கச் செய்தார்.

1711 மார்ச்சில், உடம்பு தளர்ந்து லாங்லீட் வந்து சேர்ந்தார் கென். பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்துத் தாமே உடுத்திக்கொண்டார். சில நாள் கழித்து, 19-ம் தேதி உயிர் பிரிந்தது.

லாங்லீட் அவருடைய திருமண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்குள் மிக அருகில் உள்ள ஆலயத்தில், சூரியன் உதிக்கும் நேரத்தில், ஆடம்பரம் இல்லாமல் அடக்கம் செய்யுங்கள் என்று எழுதிவைத்திருந்தார். அது ஃப்ரூம் என்ற ஊர். அங்கிருந்த பரம ஏழைகள் ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். ஆலயத்துக்கு உள்ளே அல்ல, கீழ்த்திசை ஜன்னலுக்கு வெளியே, மண்ணில் வைத்தார்கள். சவப்பெட்டி வடிவில் வளைத்த இரும்புக் கம்பிகள் இன்றும் அந்த இடத்தை மூடியிருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்