பறக்கும் தட்டு விவகாரம்: அமெரிக்க அரசு மறைத்தது எதை?

"ஏலியன்கள் வந்துட்டுப் போறாங்க, அரசு மறைக்குது." அமெரிக்காவில் பல பேர் இன்றும் நம்பும் விஷயம் இது. இதில் பாதி உண்மை. அரசு மறைத்தது நிஜம்தான். ஆனால், எதை மறைத்தது?

ரோஸ்வெல்லில் விழுந்தது என்ன?

1947-ல் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல் அருகே மர்மப் பொருள் ஒன்று விழுந்தது. 'பறக்கும் தட்டு சிக்கியது' என முதலில் அறிவித்த ராணுவம், சில மணி நேரத்தில் 'வானிலை பலூன்' என மாற்றிப் பேசியது. சோவியத் யூனியனின் அணுகுண்டு சோதனைகளைக் கண்டறிவதற்கான 'மொகல்' எனும் ரகசியத் திட்டத்தின் பலூன் அது என விமானப்படை விளக்கியது 1994-ல்தான்.

'ப்ளூ புக்' விசாரணை

1969 வரை விமானப்படையிடம் பதிவான புகார்கள் 12,618. அவற்றில் 701-க்கு மட்டும் கடைசி வரை விளக்கம் கிடைக்கவில்லை. 1950-களில் 60,000 அடிக்கு மேல் பறந்த யூ-2 உளவு விமானம், மாலை வெயில் பட்டு நெருப்புப் போல மின்னியது. பார்த்தவர்கள் புகார் கொடுத்தார்கள். அது எந்த விமானம் என்று தெரிந்தாலும், விசாரணை அதிகாரிகளால் வெளியே சொல்ல முடியவில்லை.

இப்போது என்ன நிலை?

2022-ல் பென்டகன் இதற்காகத் தனி அலுவலகம் தொடங்கியது. பழைய ஆவணங்களை அலசிய அந்த அலுவலகம், வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று 2024 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் அறிக்கையில் 757 புதிய புகார்கள் இடம்பெற்றன. விடை கிடைத்தவை பலூன், பறவை, ட்ரோன், செயற்கைக்கோள் போன்றவைதான். 444 புகார்களில் ஆராயப் போதுமான தகவலே இல்லை. 21 மட்டும் கூடுதல் ஆய்வுக்குப் போயின.

ஏன் இது முக்கியம்?

'அடையாளம் தெரியவில்லை' என்றால் 'ஏலியன்' என்று அர்த்தமில்லை. பெரும்பாலும், தகவல் போதவில்லை என்றுதான் அர்த்தம். கேலி செய்வார்களோ என்ற தயக்கத்தில் விமானிகள் புகார் கொடுக்காமல் விடுவதும் இதற்கு ஒரு காரணம் என்கிறது நாசா குழுவின் 2023 அறிக்கை. வானில் குறுக்கே வந்தது ட்ரோனாக இருந்தாலும் விமானத்துக்கு ஆபத்துதானே!

ரோஸ்வெல் உண்மை வெளிவர 47 ஆண்டுகள் ஆயின. அதனால்தான், இன்று அரசு ஆதாரத்தோடு பேசினாலும் "இதையும் மறைக்கிறாங்க" என்ற சந்தேகம் போக மறுக்கிறது.