வீட்டுக்குள் சண்டை பிடிக்க ஓர் இடம் வேண்டும்

தமிழரசுக் கட்சியைப் பற்றி எங்கட வயதில ஒருத்தர் வாய் திறந்தால் உடனே வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது: “நீர் சுமந்திரன் பக்கமோ, சிறீதரன் பக்கமோ?” இரண்டு பக்கமும் இல்லை என்று சொன்னால் அடுத்ததாகப் பெரியவர்களின் பெருமூச்சு வரும்: “எங்கட சனத்திட்ட ஒற்றுமை இல்லை, அதுதான் இந்த நிலை.”

இந்தக் கேள்வியும் பெருமூச்சும் எங்களுக்கு உதவவில்லை. எங்களில் பெரும்பாலானோர் முதன்முதலாக வாக்களித்த வருடம் 2024. அந்த ஒரே வருடத்தில் கட்சியின் தலைவர் தெரிவு, அதன் பின் நீதிமன்றம், ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் எல்லாம் வந்து போயின. ஆளை ஆள் திட்டுகிற பதிவுகள் ஃபேஸ்புக்கில் நிறைய இருக்கின்றன. ஆனால் எந்தக் கட்சியிலும் வரக்கூடிய ஒரு தலைமைப் போட்டியை இந்தக் கட்சியால் ஏன் ஒரு கிழமைகூடத் தாங்க முடியாமல் போனது என்று கேட்பவர்கள் குறைவு. நாங்கள் அதைத்தான் கேட்க நினைக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். 2014 முதல் தலைவராக இருந்த மாவை சேனாதிராஜாவின் இடத்துக்கு ஆள் தெரிவு செய்ய 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் வாக்கெடுப்பு நடந்தது. கட்சி தொடங்கி எழுபது வருடங்களுக்கு மேலாகிய பின், தலைவர் பதவிக்கு முதல் தடவையாக வாக்கெடுப்பு என்று பத்திரிகைகள் எழுதின. சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார், சேர்ந்து வேலை செய்வதாகவும் சொன்னார். அந்த ஒரு நாள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கிழமையே பொதுச் செயலாளர் யார் என்பதில் பொதுச்சபை குழம்பியது. மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் தெரிவே கட்சியின் யாப்புக்கு முரணானது என்று மாவட்ட நீதிமன்றங்களுக்கு வழக்குப் போனது, மாநாட்டுக்குத் தடை வந்தது.

அதன் பிறகு ‘பதில்’ காலம். மாவை தலைவராகத் தொடர்கிறாரா, விலகி விட்டாரா என்பதே 2024 கடைசியில் மத்திய குழுவில் வாக்குவாதமாகியது. சி.வி.கே. சிவஞானம் பதில் தலைவரானார். 2025 பெப்ரவரியில் சுமந்திரன் பதில் பொதுச் செயலாளரானார். தலைவரும் பதில், செயலாளரும் பதில், எங்கள் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இப்போது சுமந்திரன். இவ்வளவு சர்ச்சைக்குரிய ஒரு தமிழ் அரசியல்வாதி போருக்குப் பிந்தைய காலத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம். 2010இல் தேசியப்பட்டியல் வழியாக வந்த ஜனாதிபதி சட்டத்தரணி. 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாடியவர்களில் முக்கியமானவர். அந்தக் கலைப்பு சட்டவிரோதம் என்று டிசெம்பர் 13ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கொழும்பில் இதனால் அவருக்குப் பெரிய மரியாதை. ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் “ஏக்கிய இராச்சிய என்றால் ஒருமித்த நாடு” என்ற விளக்கத்துக்காக அவரைக் கிழித்தார்கள். ஆயுதப் போராட்டத்தைத் தான் ஏற்றுக்கொள்ளவில்லை என்று 2020இல் சிங்கள ஊடகமொன்றுக்கு அவர் கொடுத்த நேர்காணலுக்குப் பிறகு கட்சிக்குள்ளேயே பலர் கொதித்தார்கள்.

மறுபக்கம் சிறீதரன். அவரும் 2010இல்தான் பாராளுமன்றம் போனார், கிளிநொச்சியில் இருந்து, மக்களின் வாக்கில். முன்னாள் அதிபர். போரில் எல்லாம் இழந்த சனத்தின் நினைவைப் பேசுகிறவர் என்ற பெயர் அவருக்கு இருக்கிறது. உணர்ச்சியைத் தூண்டுவதைத் தவிர என்ன செய்தார் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு விஷயம் எங்களுக்கு விளங்கவே இல்லை. இந்த இரண்டு பேரும் ஒரே வருடம் பாராளுமன்றம் போனவர்கள். பதினான்கு வருடம் ஒரே சின்னம். சமஷ்டியை எப்படிக் கேட்பது, கொழும்போடு எவ்வளவு தூரம் போவது, போராட்ட காலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்ற மூன்று பெரிய கேள்விகளிலும் அவர்கள் வேறு வேறு திசையில் நின்றார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்விகளைக் கட்சி எங்கே வைத்து விவாதித்தது? எந்த மாநாட்டில் தீர்மானம் எடுத்தது? தோற்ற கருத்துக்காரர் எந்த நிபந்தனையோடு அதை ஏற்றுக்கொண்டார்? சாதாரண வாக்காளர் எவருக்கும் தெரியாது. நாங்கள் அறிந்ததெல்லாம் பத்திரிகைப் பேட்டி, பதில் பேட்டி, யூடியூப் வீடியோ. வீட்டுக்குள் பேச வேண்டியதை எல்லாம் முற்றத்தில் நின்று பேசினார்கள்.

“ஐயா இருந்த காலத்தில் இப்படி இல்லையே” என்று சொல்வார்கள். சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30ஆம் திகதி காலமானார். அவருடைய நிதானத்துக்கு எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஒற்றுமை எப்படி நின்றது? “ஐயா முடிவெடுப்பார்” என்பதில்தான் நின்றது. அதற்கு முன்னர், 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி 2009 வரை ஒன்றாக நின்றதற்கும் காரணம் கட்சிகளின் உள் ஜனநாயகம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயுதபலம் உள்ள ஓர் இயக்கம் களத்தில் இருந்தது, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அதனால் தீர்மானமானது. முதலில் வெளியில் இருந்து ஒரு கை பிடித்து வைத்தது, பிறகு உள்ளே ஒரு மூத்தவரின் மரியாதை பிடித்து வைத்தது. இரண்டும் போன பிறகு மிஞ்சியது யாப்பு ஒன்றுதான். அதைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தபோது யாருக்கு வாக்குரிமை என்பதிலேயே ஆளாளுக்கு ஒரு கணக்கு.

வரலாற்றைப் பார்த்தால் இது புதிதும் இல்லை. தமிழரசுக் கட்சியே ஒரு பிளவில் பிறந்தது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்ததை ஏற்காமல், தமிழ்க் காங்கிரஸில் இருந்து வெளியேறிய செல்வநாயகமும் மற்றவர்களும் 1949 டிசெம்பரில் தொடங்கியது இது. அந்தப் பிளவுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது, ஊர் ஊராகப் போய் அதைச் சனத்துக்குச் சொன்னார்கள். பிறகு 2004இல், தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் ஆனந்தசங்கரியோடு வந்த பிணக்கு நீதிமன்றம் வரை போய், உதயசூரியனைப் பாவிக்க முடியாமல் போனபோதுதான் வீட்டுச் சின்னம் மறுபடி வெளியே வந்தது. அந்தத் தேர்தலில் கூட்டமைப்புக்கு 22 ஆசனங்கள். நீதிமன்றச் சண்டையால் மீண்டு வந்த வீடு, இருபது வருடம் கழித்து அதே மாதிரி இன்னொரு வழக்கில் மாட்டியது.

இடையில் 2010இல் கஜேந்திரகுமார் அணி போனது. 2018இல் விக்னேஸ்வரன் தனிக் கட்சி தொடங்கினார். 2023 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனியாகப் போவதாகத் தமிழரசுக் கட்சி முடிவெடுக்க, ரெலோவும் புளொட்டும் வேறு கூட்டணிக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். கருத்து வேறுபாடு வரும், உள்ளே பேச இடம் இருக்காது, வெளியே போய்ப் புதுச் சின்னம் எடுப்பார்கள். சைக்கிள், சங்கு, வீடு என்று வாக்குச்சீட்டு நீண்டுகொண்டே போகிறது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கட அம்மம்மாமார் படுகிற பாட்டை எவரும் யோசிக்கிறதில்லை.

இனி ஒற்றுமை இல்லாததால்தான் தோற்றோம் என்ற வாதத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வீட்டுச் சின்னம் 2015இல் இரண்டு இலட்சத்து ஏழாயிரம் வாக்குகளோடு 5 ஆசனங்கள் எடுத்தது. 2020இல் ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம், 3 ஆசனங்கள். 2024இல் அறுபத்து மூவாயிரம், ஒரே ஒரு ஆசனம். கவனியுங்கள், 2015க்கும் 2020க்கும் இடையில்தான் வாக்குகளில் கிட்டத்தட்டப் பாதி போனது. அப்போது சம்பந்தன் ஐயா இருந்தார், தலைவர் தெரிவும் இல்லை, வழக்கும் இல்லை. சனம் 2024 ஜனவரிச் சண்டையைப் பார்த்துத்தான் விலகினது எண்டால் இந்தக் கணக்குச் சரிவராது. அதேவேளை, அதே 2024 நவம்பரில், அதே சண்டை பிடித்த அதே கட்சி மட்டக்களப்பில் 5இல் 3 ஆசனங்களை எடுத்தது. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி வெல்லாமல் போன ஒரே மாவட்டம் அது. ஆகவே, பிளவு என்ற ஒரு சொல்லால் எல்லாத் தோல்வியையும் விளக்க முடியாது.

பிளவு உண்மையில் என்ன செய்தது என்பது 2024 ஜனாதிபதித் தேர்தலில் தெரிந்தது. செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. சிறீதரனோ பொது வேட்பாளர் அரியநேத்திரனோடு நின்றார். அரியநேத்திரனும் தமிழரசுக் கட்சிக்காரர்தான்! ஒரு கட்சி, இரண்டு வேட்பாளர். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு ஒரு இலட்சத்து இருபத்தோராயிரம், அரியநேத்திரனுக்கு ஒரு இலட்சத்துப் பதினாறாயிரம். தாங்கள்தான் சரி என்று இரண்டு அணியும் சொல்லிக்கொள்ளப் போதுமான வாக்குகள். எட்டுக் கிழமை கழித்து, ஜனாதிபதித் தேர்தலில் அங்கே இருபத்தேழாயிரம் வாக்குகள் மட்டும் எடுத்திருந்த தேசிய மக்கள் சக்தி எண்பதாயிரம் எடுத்து, 6இல் 3 ஆசனங்களோடு முதலிடம் வந்தது. எங்கட நண்பர்கள் பலரும் அதற்குத்தான் போட்டார்கள். கேட்டால் கொள்கை விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. “உவங்கள் தங்களுக்குள்ளயே கதைக்கமாட்டாங்கள், எங்களுக்காக ஆரோட கதைக்கப் போறாங்கள்?” என்றார்கள்.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு கிழக்கின் பல சபைகளில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது. பிரச்சினை முடிந்து விட்டது என்று கட்சிக்காரர் நினைத்தால் அது ஆபத்து. குப்பை எடுக்கிற, வீதி விளக்குப் போடுகிற சபைக்கு ஊரில் தெரிந்த ஆளைத் தெரிவு செய்தோம். தலைமைச் சண்டையில் யார் சரி என்று அந்தத் தேர்தலில் எவரும் எங்களைக் கேட்கவில்லை.

“இது சண்டைக்கான நேரமா?” என்பார்கள். இதுதான் நேரம் என்கிறோம். வடமாகாண சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். புதிய அரசியலமைப்புக் கொண்டுவருவதாக இந்த அரசாங்கம் வாக்குறுதி கொடுத்திருக்கிறது. வரைபு மேசைக்கு வருகிற அன்று ‘ஏக்கிய’ என்ற சொல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று கட்சிக்குள் முன்கூட்டியே தீர்மானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கொழும்பில் தலையாட்ட, இன்னொருவர் கிளிநொச்சியில் மறுக்க, அரசாங்கம் “முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடும். அந்தச் சாட்டை நாங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அங்கத்தவர் பட்டியலைத் தொகுதி வாரியாக வெளியிடுங்கள். யாருக்கு எத்தனை வாக்கு என்று முதலில் தெரிந்தால் பிறகு வழக்குக்கு வேலை குறையும். பதவிகளுக்குக் காலவரையறை வையுங்கள், ‘பதில்’ பதவிகளுக்கும் சேர்த்து. தலைவர் தெரிவில் தோற்றவருக்கும் அவருடைய அணிக்கும் மத்திய குழுவில் என்ன இடம் என்பதை யாப்பிலேயே எழுதுங்கள். தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் ஆளை நீதிமன்றப் படியேற்றுகிறது. மத்திய குழு எடுக்கிற தீர்மானத்தோடு எத்தனை பேர் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் வெளியிடுங்கள். 2024இல் இந்தக் கட்சிக்குக் கிடைத்த 8 ஆசனங்களிலும் ஒரு பெண்கூட இல்லை, தேசியப்பட்டியலிலும் இல்லை. இளைஞர் அணி, மகளிர் அணி என்பவற்றைக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குகிற வேலையில் இருந்து விடுவித்து, அவர்களுக்கு வாக்குரிமை கொடுங்கள்.

சுமந்திரனின் அணியையும் சிறீதரனின் அணியையும் நாங்கள் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: அடுத்த தலைவர் தெரிவில் நீங்கள் தோற்றால், மறுநாள் காலையில் கட்சிக்குள் என்ன செய்வீர்கள்? இதற்கு எழுத்தில் பதில் தரக்கூடிய அணியைப் பற்றி நாங்கள் யோசிக்கத் தயார். அதுவரைக்கும் “நீர் எந்தப் பக்கம்?” எண்டு எங்களைக் கேட்க வேண்டாம்.